நடுவில் ஒரு ‘த்’

புதுச்சேரிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், மனசு வந்தால் பேருந்து நிற்கும், வராவிட்டால் புழுதியை மட்டும் இறக்கிவிட்டுப் போகும் எங்கள் வளவனேரியில், என் செருப்புக் கடைக்கு அடுத்த கட்டடத்தில் இருந்த சிகாமணி ஆஃப்செட் அச்சகத்தில், ஓர் ஆவணி மாதத்துப் புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஓய்வு பெற்ற கண்டக்டர் வேதகிரியின் மகள் கல்யாணப் பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்தபோது, ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரிக்குக் கீழே, யாரும் எழுதிக் கொடுக்காத, யாரும் டைப் அடிக்காத, பிளேட்டிலும் இல்லாத ஒரு பெயர் தானாக வந்து உட்கார்ந்தது. ‘பெரியப்பா திரு. கோதண்டபாணி, சூரத்’ என்றிருந்தது.

சிகாமணி மெஷினை நிறுத்தி, பிளேட்டைத் துடைத்து, ரோலரைத் துடைத்து, தன் கண்ணாடியையும் துடைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினான், கோதண்டபாணி மறுபடியும் வந்தார். வேதகிரி வந்து, “எங்கப்பாவுக்கு நான் ஒத்தப் புள்ள, எனக்கு ஏதுய்யா அண்ணன்?” என்று கத்திய கத்தலில் இரண்டு கடை தள்ளியிருந்த நாய் எழுந்து போய்விட்டது. அவருடைய தாய்மாமன்தான் பல் குத்திக்கொண்டே, “உங்கப்பன் கல்யாணத்துக்கு முன்னால ஏழு வருஷம் சூரத்து மில்லுல இருந்தான் இல்ல, சும்மாவா இருந்திருப்பான்?” என்று கேட்டார். வேதகிரி இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் ஒரு பத்திரிகையில் மஞ்சள் தடவி, ‘கோதண்டபாணி, சூரத்’ என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டார். அந்த விலாசத்துக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பவர்கள் எங்கள் ஊருக்குப் புதியவர்கள். முகூர்த்தத்தன்று வேதகிரியின் அதே மூக்கோடும், யோசிக்கும்போது காதைப் பிடித்து இழுக்கும் அதே பழக்கத்தோடும் ஒரு பெரியவர் வந்து இறங்கினார், குஜராத்தி கலந்த தமிழில் எல்லோரையும் குசலம் விசாரித்தார், பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அதற்கப்புறம் அவரை உறவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அன்று தொடங்கியது. முறையோடு, ஊரோடு, உயிரோடிருந்தால் திரு என்றும் போய்ச் சேர்ந்துவிட்டால் தெய்வத்திரு என்றும் மெஷின் பெயர்களைப் போட்டுத் தள்ளியது. கோபித்துக்கொண்டு போன சித்தப்பாக்கள் வந்தார்கள், காதல் கல்யாணம் செய்துகொண்டு செத்ததாகச் சொல்லப்பட்ட அத்தைகள் பேரன் பேத்திகளோடு உயிரோடு வந்தார்கள், ஒரு மாப்பிள்ளைக்குத் தன்னைப் போலவே இன்னொரு அண்ணன் நெய்வேலியில் இருப்பது தெரிந்து, அவர்கள் அப்பா கல்யாணத்துக்கு முந்தின நாள் திருப்பதிக்குக் கிளம்பிப் போனார். மேலத்தெரு ராஜமாணிக்கம் வீட்டுப் பத்திரிகையில் கீழத்தெரு அய்யனார் ‘மாமா’ என்று வந்தபோது, ராஜமாணிக்கம் கட்டுக் கட்டாகக் கொளுத்திவிட்டுத் திண்டிவனத்தில் போய் அடித்துக்கொண்டு வந்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. “வெளியூர்ல அடிச்சிருக்காங்களாம், என்னமோ இருக்கு” என்று ஊர் முழுக்கப் பேச்சாகி, அந்த என்னமோவுக்கு ஆளுக்கொரு கதை கட்டியதில் மனுஷன் வெறுத்துப்போய்த் திரும்பவும் சிகாமணியிடமே வந்தார். கல்யாணத்தில் அய்யனார் முன்வரிசையில் உட்கார்ந்தார். மேலத்தெருவில் பாதிப்பேருக்கு அன்றைக்குத் திடீரென்று வயிறு சரியில்லாமல் போய்ச் சாப்பிடாமல் கிளம்பினார்கள், மிச்சப் பாயசத்தை நாங்கள் குடித்தோம்.

காதுகுத்துப் பத்திரிகையில் மெஷின் வாய் திறக்காது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் திறக்காது. கல்யாணம் என்றால்தான் அதற்குச் சொந்தக்காரர்கள் ஞாபகம் வரும், எங்களுக்கும் அப்படித்தான் என்பதால் ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

சிகாமணியைச் சொல்ல வேண்டும். முழுப்பெயர் அ. தெய்வசிகாமணி, நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. கைக்குழந்தையாகக் கடலூர்ப் பக்கம் அன்பு இல்லம் என்ற விடுதி வாசலில் கிடந்தவன், அந்த ‘அ’ விடுதியின் ‘அ’. பள்ளிக்கூடத்தில் நாற்பது பையன்களுக்கு அதே இனிஷியல். யாராவது “அ-ன்னா யாரு?” என்று கேட்டால் ஒருவருக்கு அருணாசலம் என்பான், இன்னொருவருக்கு அய்யாக்கண்ணு என்பான், என் மனைவி ருக்மணியிடம் ஒரு தடவை அலெக்சாண்டர் என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் நின்றான். இருபது வருஷமாக அடுத்தவர் சொந்தங்களை ஆயிரம் ஆயிரமாக அடித்துக் கொடுத்தவனுக்குப் பட்டியலில் போட ஒரு பெயர் கிடையாது. தனக்கென்று ஒரு பத்திரிகை அடித்தால் அந்த இடம் வெறுமையாக வந்துவிடுமோ என்று பயந்துதான் அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று நான் சொல்லுவேன், அவன் மறுக்க மாட்டான்.

இந்த நிலையில்தான் மொரீஷியஸிலிருந்து பூங்காவனம் அவாரூ வந்தாள்.

நாற்பத்து மூன்று வயது, அங்கே பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள், கையில் ஒரு தடித்த கோப்பு. நூற்றுப் பதினைந்து வருஷம் முன்பு அவளுடைய கொள்ளுப்பாட்டி மங்கா இடுப்பில் ஒரு ஆண் குழந்தையோடு கப்பலேறிப் போனாள், கணவன் ஊரிலேயே நின்றுவிட்டான், பதிவேட்டில் கணவன் பெயர் ‘அவாரூ’ என்று இருந்தது. அந்தக் குடும்பத்தைத் தேடி அவள் எங்கள் சுற்று வட்டாரத்தில் ஒரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள்.

“அம்மா, தாங்கள் அவாரூ குடும்பத்தினரை அறிவீர்களா?” என்று அவள் பாடப்புத்தகத் தமிழில் கேட்க, பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். ஒருத்தி, “எங்க வீட்லயும் ஒருத்தரு இருக்காரு, வேணும்னா கூட்டிக்கினு போ” என்று உள்ளே கட்டிலில் படுத்திருந்தவரைக் காட்டியிருக்கிறாள். எவரும் விஷயத்தை உடைத்துச் சொல்லவில்லை. விருந்தாளி மனசு நோகக் கூடாதென்ற நல்ல எண்ணம் பாதி, இந்தத் தமாஷ் நாளைக்கும் தொடரட்டும் என்ற எண்ணம் பாதி.

கடைசியில் ‘அவாரூ குடும்பத்தார் தேடப்படுகின்றனர்’ என்று துண்டறிக்கை அடிக்க அவள் அச்சகத்துக்கு வந்தாள். நான் என் கடையில் ஆளில்லாததால் அங்கே உட்கார்ந்திருந்தேன். சிகாமணி பதிவேட்டின் நகலை வாங்கி ஒரு தடவை படித்தான், இரண்டாம் தடவை வாய்விட்டுப் படித்தான், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

“அம்மா, உங்க கொள்ளுப்பாட்டி கிட்ட அந்த எழுத்தர் ‘உன் புருஷன் பேரு என்னா’ன்னு கேட்டிருப்பாரு. அந்தக் காலத்துப் பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க. ‘அவரு’ன்னு சொல்லியிருப்பாங்க. அவரு அதை எழுதிக்கிட்டாரு.”

“எவர்?” என்றாள் பூங்காவனம்.

“எழுதினவரு.”

அவள் முகம் சிவந்து போயிற்று. எங்கள் குடும்பத்தில் அறுபத்து மூன்று பேருக்குக் கடவுச்சீட்டில் இந்தப் பெயர், ஒருவர் நீதிபதி, என் சிறிய தந்தை நடத்தும் ரொட்டிக்கடையின் பலகையில் ஆளுயர எழுத்தில் இந்தப் பெயர், நூறு வருஷமாகக் குலதெய்வம் மாதிரி அந்த மனிதரை நினைத்து விளக்கேற்றுகிறோம் என்று படபடவென்று சொல்லிக்கொண்டே வந்தவள், காகிதக் கட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள், உட்கார்ந்த பிறகு சிரிக்கத் தொடங்கினாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிகாமணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அங்கேயே விழுந்துவிட்டான், எனக்குத் தெரியும், நான் பார்த்தேன்.

மெஷினைப் பற்றி அவளிடம் சொன்னவனும் நான்தான். கல்யாணம் இல்லாவிட்டால் அது பேசாது என்றதும் அவள் சிகாமணியைப் பார்த்தாள், சிகாமணி கூரையைப் பார்த்தான். மறுநாளே இரண்டு பேரும் பொய்யாக ஒரு தேதி போட்டுப் பத்திரிகை அடித்துப் பார்த்தார்கள். மெஷின் கொடுத்ததை மட்டும் அடித்துவிட்டுச் சும்மா நின்றது. அதை ஏமாற்ற முடியாது என்று நான் முன்பே சொல்லியிருக்கலாம், ஆனால் இரண்டு பேர் பெயரையும் ஒரே தாளில் பார்க்க நன்றாக இருந்தது.

“அப்படியானால் உண்மையாகவே செய்துகொள்வோம்” என்றாள் அவள், காய்கறி விலை சொல்வது போல.

சிகாமணிக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் இல்லை. முகூர்த்தம் குறித்தார்கள். ஆனால் பத்திரிகை அடிக்க மட்டும் அவன் மூன்று வாரம் தள்ளிப்போட்டான், மை இல்லை என்றான், தாள் வரவில்லை என்றான், பெல்ட் அறுந்தது என்றான். ஒருநாள் மத்தியானம் அவள் என் கண்ணெதிரே அவனை நிறுத்தி வைத்துக் கேட்டுவிட்டாள்.

“பத்திரிகை இல்லாமலே மயிலம் கோயில்ல தாலி கட்டிக்கலாம், பூங்காவனம்” என்றான் அவன்.

“ஏன்?”

“எனக்கு அப்பா யாரு அம்மா யாருன்னு தெரியாது. உனக்கு அந்த அவரு யாருன்னு தெரியாது. ரெண்டும் இந்தச் சீமையிலதான். மெஷின்ல போட்டு, நீ எனக்குத் தங்கச்சி முறைன்னு வந்துட்டா?”

“எனக்கு அந்தப் பெயர் வேண்டும். அதற்காகத்தான் கடல் தாண்டி வந்தேன். தங்களுக்கு வேண்டாமா?”

“வேணும்” என்றான் சிகாமணி. “பொறந்ததுலேருந்து வேணும். இப்ப நீயும் வேணும். ரெண்டுல ஒண்ணுதான்னு அது சொல்லிட்டா நான் என்னா பண்ணுவேன்?”

வாடிக்கையாளர் யாரும் வரவில்லை என்பதால் எனக்கு அழவும் சௌகரியமாக இருந்தது.

“அடிப்போம். அண்ணன் என்று வந்தால் அண்ணனுக்கு நல்ல பெண்ணாக நானே பார்த்துவிட்டுப் போகிறேன்” என்றாள் அவள். சொல்லும்போது அவள் குரல் நேராக இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஊரே அச்சகத்தில் நின்றது. உள்ளே இடமில்லாதவர்கள் என் கடையில் நின்றார்கள், நின்றவர்களில் இரண்டு பேர் செருப்பும் வாங்கினார்கள். சிகாமணி பிளேட்டை மாட்டினான், சாமி கும்பிட்டான், பொத்தானை அமுக்கினான். முதல் தாள் வந்து விழுந்தது, அந்த நொடியே கரண்டு போயிற்று.

தாளை நான்தான் எடுத்தேன். பெண் வீட்டார் பக்கம் பொடி எழுத்தில் மேலிருந்து கீழ்வரை நிரம்பியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ‘கொள்ளுத்தாத்தா தெய்வத்திரு. கொளஞ்சி, வளவனேரி’ என்றிருந்தது. பூங்காவனம் அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து, “கொளஞ்சி” என்றாள், “கொளஞ்சி, கொளஞ்சி” என்றாள், மங்கா சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்துச் சொல்லித் தீர்ப்பது போல. கொளஞ்சி எங்கள் பாட்டனின் அண்ணன். பட்டியலில் கொஞ்சம் கீழே ‘சித்தப்பா திரு. ஏகாம்பரம், வளவனேரி’ என்று என் பெயரைப் பார்த்தபோது, முன்னறிவிப்பில்லாமல் ஒரு மகள் கிடைத்துவிட்டதில் நான் கொஞ்சம் ஆடிப்போனேன்.

மாப்பிள்ளை வீட்டார் பக்கம் ஒரே ஒரு வரி. ‘தாயார் திருமதி. அஞ்சலாட்சி, பண்ருட்டி.’

தெய்வத்திரு இல்லை. திருமதி. சிகாமணி அந்தச் சொல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். “உயிரோட இருக்காங்க” என்றான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை, எல்லோரும் “ஆமாம்ப்பா” என்றோம்.

ஆனால் பெண் வீட்டார் பக்கமும், நடுவில் ஓரிடத்தில், அதே அஞ்சலாட்சி, அதே பண்ருட்டி இருந்தது. அந்தப் பெயருக்கு முன்னால் இருந்த முறையின் மேல், முதல் தாளுக்கே உரிய மைத்திட்டு அப்பியிருந்தது. முதலெழுத்தும் தெரியவில்லை, கடைசி எழுத்தும் தெரியவில்லை, நடுவில் ஒரு ‘த்’ மட்டும் தெரிந்தது.

நடுவில் ‘த்’ வந்தால் அது அத்தையாக இருக்கலாம், சித்தியாகவும் இருக்கலாம். அஞ்சலாட்சி பூங்காவனத்துக்கு அத்தை என்றால் சிகாமணி அத்தை மகன், முறைமாப்பிள்ளை, நாளைக்கே தாலி கட்டலாம். சித்தி என்றால் அண்ணன் தங்கை, பந்தலைப் பிரிக்க வேண்டியதுதான். எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும் என்பதால் யாரும் யாருக்கும் விளக்கவில்லை, எல்லோரும் தலைக்கு மேலே நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தோம்.

கரண்டு முப்பத்தைந்து நிமிஷம் வரவில்லை. அந்த முப்பத்தைந்து நிமிஷத்தில் தாளை வெயிலில் காட்டினார்கள், விளக்கெண்ணெய் தடவலாமென்றார்கள், கல்யாணத்துக்கு வந்து ஊரிலேயே தங்கிவிட்ட கோதண்டபாணி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு ‘தாத்தா’வாகக்கூட இருக்கலாம் என்று சொல்லி அடி வாங்கப் பார்த்தார். இதற்குள் என் மனைவி ருக்மணிக்கு வேறொரு கணக்கு ஓடிவிட்டது. அஞ்சலாட்சி சித்தி என்றால், அவளுக்குப் பிள்ளை கொடுத்தவன் பூங்காவனத்தின் சித்தப்பாக்களில் ஒருவன், உயிரோடிருக்கும் சித்தப்பாக்கள் ஊரில் நாங்கள் மூன்றே பேர்.

“ஏன்யா, நீ அப்பல்லாம் மாசாமாசம் பண்ருட்டிக்குப் போவியே, எதுக்கு?” என்று கேட்டாள்.

“பலாப்பழம் வாங்க” என்றேன்.

“மார்கழியில ஏதுய்யா பலாப்பழம்?”

மற்ற இரண்டு சித்தப்பாக்களும் மெதுவாக என்னை விட்டு நகர்ந்து நின்றார்கள். நான் வாழ்க்கையில் எந்தக் கல்யாணமும் நடக்க வேண்டுமென்று அவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை.

சிகாமணியும் பூங்காவனமும் மட்டும் இதில் எதையும் கேட்கவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் காகிதக் கட்டின் மேல், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். “தங்கள் அம்மாவின் பெயர் அழகாக இருக்கிறது” என்று அவள் சொன்னாள். “ஆமா” என்றான் அவன். அவள் கையைப் பிடிக்க அவன் கை எழுந்தது, முறை தெரியாமல் பிடிக்கக் கூடாதென்று திரும்பிப் போய்த் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு ருக்மணியே கண்ணைத் துடைத்தாள்.

விசிறி சுற்றியது. மெஷின் இருமியது. இரண்டாம் தாள் வந்தது, இந்தத் தடவை ருக்மணி பாய்ந்து எடுத்தாள், எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“அத்தை!”

பட்டாசு யார் வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை, வெடித்தது. சிகாமணி பூங்காவனத்தின் கையைப் பிடித்தான், பிடித்த கையை அப்புறம் சாப்பாட்டு வேளைவரை விடவில்லை. நானும் இரண்டு சித்தப்பாக்களும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அத்தை என்றால் அஞ்சலாட்சி, மங்கா கப்பலேறிய பிறகு கொளஞ்சி பண்ருட்டியில் கட்டிய இரண்டாம் தாரத்தின் மகன் வயிற்றுப் பேத்தி, பிள்ளை கொடுத்தவன் யாரென்று மெஷின் சொல்லவில்லை, ‘தந்தையார்’ என்று ஒரு வரி வரவே இல்லை. சொல்லத் தகுதியில்லாதவனாக இருந்திருப்பான்.

டீ வந்து குடித்து முடிக்கும்போதுதான் எங்களுக்கு இன்னொன்று உறைத்தது. அஞ்சலாட்சி கொளஞ்சி வீட்டுப் பெண் என்றால், அந்தப் பட்டியலில் இருக்கும் நூற்று நாற்பது பேரும் சிகாமணிக்கும் சொந்தம்தானே, எங்கள் பெயர் ஏன் மாப்பிள்ளை பக்கம் வரவில்லை என்று ஒரு சித்தப்பா சண்டைக்குப் போனார். ஒரே பெயரை இரண்டு பக்கம் போட்டால் தாள் போதாதே என்று சிகாமணி சிரித்துக்கொண்டே சொன்னான். இருபது வருஷம் பக்கத்துக் கடையில் தனியாகச் சோறு பொங்கித் தின்ற பையனுக்கு நான் தாய்மாமன். ஒரு தீபாவளிக்குக்கூட அவனை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது, இப்போதும் இருக்கிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை தாம்பாளத்தை நானே தூக்கிக்கொண்டு அவர்களோடு பண்ருட்டிக்குப் போனேன். அங்கே அஞ்சலாட்சி என்று கேட்டால் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். முதலாமவள் கைக்குழந்தை வைத்திருந்தாள், இரண்டாமவள் நாயை அவிழ்த்துவிட்டாள். மூன்றாவது வீட்டு வாசலில், முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்துப்போன விரல்களோடு அறுபத்தைந்து வயதுக்காரி ஒருத்தி நின்றாள். தனியாக இருக்கிறவள், கல்யாணம் ஆகாதவள் என்று தெருமுனையிலேயே சொல்லியிருந்தார்கள்.

சிகாமணி வழியெல்லாம் என்னென்னவோ பேச ஒத்திகை பார்த்து வந்தான். எல்லாம் போயிற்று. தாம்பாளத்தை நீட்டி, “பத்திரிகை வைக்க வந்தோம்” என்றான்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி எடுத்து மாட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தின் ஒற்றை வரியை, உதடு அசைய, மெதுவாகப் படித்தாள். படித்து முடித்து அவன் முகத்தைப் பார்த்தாள், மறுபடி வரியைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வருஷம் யாரிடமும் சொல்லாததைப் பொடி எழுத்தில் யாரோ அச்சடித்துக் கொண்டுவந்து நிற்கிறார்கள். மறுத்துக் கதவைச் சாத்திவிடுவாளோ என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“விரும்பும்னு எம் பேரைப் போட்டுட்டு எனக்கே வந்து பத்திரிகை வைக்கிறியே, உனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரலையா?” என்றாள் அஞ்சலாட்சி. குரல் உடைந்துதான் வந்தது, ஆனால் அதட்டல் அதட்டல்தான். “கூப்பிடறவ நானு. எங்க, அந்தக் கட்டை இப்படிக் கொடு.”

பையிலிருந்த நூறு பத்திரிகைகளையும் பிடுங்கிக்கொண்டு, தாம்பாளத்திலிருந்து குங்குமச்சிமிழை எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவளிடம், “எம் புள்ளைக்குக் கல்யாணம், குடும்பத்தோட வந்துடணும்” என்றாள்.

“உனக்கு ஏதுடி புள்ள?” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“அச்சடிச்சிருக்கு பாரு. படிக்கத் தெரியுமில்ல, படி” என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.